விசில் சார் தேடிய உளவாளி

கல்லூரியில் கால்பந்து கற்றுக்கொடுக்கும் அவருக்கு விசில் சார் என்று பெயர். கழுத்தில் தொங்கும் விசிலை அவர் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது பொய். கழற்றுவார். குளியலறை ஆணியில் மாட்டுவார். ஆணி ஆடுகிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்.

சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணம். இன்னாரிடம் ஏமாந்தார், இன்ன இடத்தில் சூடு பட்டார் என்று காரணம் சொல்ல வழியில்லை. சிலருக்கு முதுகில் மச்சம் இருப்பதுபோல இவருக்கு இது இருந்தது, அவ்வளவுதான். கேன்டீனில் டீ வந்தால், "இது காலைல போட்டதுதானே?" என்பார். பந்து வைக்கும் அறையைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். "நான் சிரிச்சா ஏன் சிரிச்சேன்னு கேப்பாரு, சிரிக்கலைன்னா ஏன் சிரிக்கலைன்னு கேப்பாரு. அதனால அவர் இருக்கும்போது நான் பாதிதான் சிரிக்கிறது" என்பாள் அவர் மனைவி. தையல் கடையில் வேலை பார்ப்பவள். கல்லூரி அணியின் சட்டைகளுக்கெல்லாம் முதுகில் எண் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ஆனால் பந்து என்று வந்துவிட்டால் மனிதர் தங்கம். எவனுக்காவது காலில் சுளுக்கு என்றால் புல்தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சேற்றுக் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிடுவார். நீவிக்கொண்டே, "நிஜமாவே சுளுக்குதானா, இல்ல ஓடுறதுக்கு வலிக்குதா?" என்றும் கேட்பார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை மகன்தான் வீட்டில் தங்கி அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஆள் உயரம் குறைவு; அணியில் குட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவனுடைய இடது கால் பேசும். மைதான மூலையிலிருந்து கார்னர் அடிப்பதெல்லாம் அவன்தான். "மைதானத்துல நான் உனக்கு மாமா இல்ல, சார். ஞாபகம் வச்சுக்க" என்று முதல் நாளே அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் குறையை அவன் வீட்டில் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டான். "மாமா, சோப்பு எங்க மாமா? மாமா, அத்தை கூப்பிடுறாங்க மாமா!" காது புளித்துப்போகிறது என்று அவர் சலித்துக்கொள்வார். அவன் ஒரு நாள் வெளியூர் போனாலும் வீடு வீடாக இருக்காது அவருக்கு.

அந்த வருடம் கோப்பையை விடுவதில்லை என்று விசில் சார் ஒரு ரகசிய பாஷை கண்டுபிடித்தார். கார்னர் அடிக்கும் முன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அவர் ஓர் உறவுமுறையைக் கத்துவார். பெரியம்மா என்றால் தூரக் கம்பத்துக்குப் பந்து. சின்னம்மா என்றால் பக்கத்துக் கம்பத்துக்கு. சம்பந்தி என்றால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். மாப்பிள்ளை என்றால் எல்லோரும் உள்ளே ஓடி அமர்க்களம் செய்ய, ஒருவன் மட்டும் நிதானமாகப் பின்னால் வந்து காலை நீட்டி கோல் போடுவான். பெனால்டிக்கு 'மாமா' என்று வைக்கலாமே என்று கோல்கீப்பர் சொன்னான்.

"அது மட்டும் வேண்டாம்" என்றார் விசில் சார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. குட்டை மட்டும் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். சரி, புது பாஷை, பழக வேண்டும் என்றார். இரண்டாவதிலும் தோற்றார்கள். மூன்றாவதில் மண்ணைக் கவ்வியபோது விசில் சார் ஒன்றைக் கவனித்தார். பந்து எங்கே போகப்போகிறதோ அங்கே எதிரணிப் பையன்கள் முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருந்தார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடித்தவர்களைப்போல. இது தற்செயல் இல்லை. யாரோ உள்ளே இருந்துகொண்டே போட்டுக் கொடுக்கிறான்.

அதற்குப்பிறகு அவர் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். கோல்கீப்பர் எதிரணித் தலைவனோடு கை குலுக்கியது ஒரு நொடி அதிகமாகப் பட்டது. நடுக்கள ஆட்டக்காரன் தலையைச் சொறிந்தால் அது சைகையாகப் பட்டது. பயிற்சியின்போது மைதானத்தின் கேட்டைச் சாத்தினார். டீக்கடைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார். கோல்கீப்பருடைய அக்கா அடுத்த கல்லூரியில் நூலகராக இருக்கிறாள் என்று தெரிந்து ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன்கள் அவர் முன்னால் ஒருவரோடு ஒருவர் பேசவே பயந்தார்கள். பேசாமல் ஆடினால் பந்து எப்படி உருளும்? இன்னும் மோசமாகத் தோற்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சாப்பிடும்போது குட்டை சொன்னான்: "மாமா, அந்தப் பேரெல்லாம் மாத்திடலாமே மாமா."

விசில் சாரின் கை தட்டிலேயே நின்றது. "ஏன் மாத்தணும்?"

"இல்ல, எல்லாருக்கும் புரியுற மாதிரி இருக்கு."

"யாருக்குப் புரியுது? உனக்கு எப்படித் தெரியும்? யார்கிட்ட பேசுன?"

"ஐயோ, சும்மா சொன்னேன் மாமா" என்று அவன் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அன்றைக்கு விழுந்தது விதை. பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. மாலையில் அவன் மொட்டை மாடிக்குப் போய்க் குசுகுசுவென்று போனில் பேசினான். இவர் படியேறும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றது. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் வேற்றுக் கல்லூரிச் சட்டை போட்ட ஒருவனோடு தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். "என்கூட ஸ்கூல்ல படிச்சவன் மாமா" என்றான். எவன்தான் ஸ்கூலில் படிக்கவில்லை?

கையும் களவுமாகப் பிடிக்க விசில் சார் ஒரு பொறி வைத்தார். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தன்று காலையில் குட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு எல்லாமே பெரியம்மாதான். உனக்கு மட்டும்தான் சொல்றேன்" என்றார். வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆட்டத்தில் கார்னர் கிடைத்தது. அவர் எல்லைக்கோட்டில் நின்று நரம்பு புடைக்க, "பெரியம்மா!" என்று கத்தினார். எதிரணி மொத்தமும் தூரக் கம்பத்துக்கு ஓடியது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நிறுத்திக் கேட்டார். "எத்தனை நாளா நடக்குது இது?"

"நான் யார்கிட்டயும் சொல்லல மாமா."

"உனக்கு மட்டும்தானே சொன்னேன்? காத்து போய்ச் சொல்லுச்சா?"

"சத்தியமா சொல்லல மாமா." மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "பச்சைப் பிள்ளையைப் போய்... உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். விசில் சார் அசையவில்லை. கடைசி ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவனுக்கு மூன்றாம் வருடம், அதாவது கடைசி வருடம். அந்த ஆட்டத்தை விட்டால் கல்லூரிக்கு ஆட இனி வேறு ஆட்டம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

ஆட்டத்தன்று காலையில் வாசலில் ஒரு பையோடு வந்து நின்றாள் தங்கை. தொலைவில் ஒரு நூல் ஆலையில் ஷிஃப்ட் வேலை அவளுக்கு. விடுமுறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மகன் ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"மாடியில நின்னு தினமும் போன் பண்ணித் தொல்லை பண்ணிட்டான் அண்ணா. மாமாகிட்ட சொல்லாதே, திடீர்னு வந்து நில்லுன்னு சொன்னான். ஆள் மாத்தி ஆள் கெஞ்சி ஷிஃப்டை மாத்திட்டு வந்தேன்" என்று சிரித்தாள்.

நல்ல மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே உள்ளுக்குள் ஏதோ இடித்திருக்கும். விசில் சாருக்கு வேறு எண்ணம் ஓடியது. ஓஹோ, சிபாரிசுக்கு அம்மாவையே வரவழைத்துவிட்டானா! அவளிடம் ஒன்றும் சொல்லாமல் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று அவர் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. குட்டைக்குக் கூட்டாளி யாராவது இருந்தால் சைகை காட்டும்போது பிடித்துவிடலாம் என்று எதிரணி கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நடுவர் முறைத்தார், இவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். எதிரே சிமெண்ட் படிக்கட்டில் தங்கை உட்கார்ந்திருந்தாள். எண் தைத்த சட்டையோடு, பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளருகில் மகன்.

கார்னர் கிடைத்தது. விசில் சார் வலைக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "பெரியம்மா!"

இரண்டு கை தூரத்தில் நின்ற எதிரணி கோல்கீப்பர் கையைத் தட்டித் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்: "டேய், பெரியம்மாடா! தூரக் கம்பத்துக்குப் போங்க!"

விசில் சாருக்கு முதலில் விளங்கவில்லை. பந்து வெளியே போனதும் வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உனக்கு யாருப்பா சொன்னது?"

"எதை சார்?"

"பெரியம்மான்னா தூரம்னு."

அவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பெரியம்மான்னா தூரம், சின்னம்மான்னா பக்கம், சம்பந்தின்னா குடுத்து வாங்குறது. இதை யாராவது சொல்லணுமா சார்? நீங்க கத்துறது ரோட்டுல போற பஸ்ஸுக்கே கேக்குது. எல்லா காலேஜ்லயும் இதை வச்சுத்தான் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

விசில் சார் பிடித்திருந்த வலையை விட்டார். பொறி வைத்த அன்றைக்கும் பெரியம்மா என்று கத்தியது யார்? அவர்தான். அவருடைய வாய்தான். 'எல்லாருக்கும் புரியுற மாதிரி இருக்கு' என்று அந்தப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னானே!

மைதானத்தைச் சுற்றி ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. படிக்கட்டுக்கு வந்து மூச்சு வாங்க, "பூட்ஸைப் போடு. உள்ள போ" என்றார்.

குட்டை அவரைப் பார்த்தான். தங்கை, "போப்பா, கூப்பிடுறாரில்ல" என்றாள். அவன் குனிந்து, அவசரமில்லாமல் நாடாவைக் கட்டினான். "சரி சார்" என்றான்.

மிச்சம் இருந்தது கொஞ்ச நேரம்தான். அவன் ஒரே ஒரு கார்னர் அடித்தான். விசில் சார் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். யாரும் எதுவும் கத்தாத அந்தப் பந்து வளைந்து இறங்கிக் கூட்டத்தின் நடுவே விழுந்து கோலாகியது. படிக்கட்டில் தங்கை எழுந்து நின்று கைதட்டினாள். அப்படியும் தோற்றார்கள். வாங்கிய கோல்கள் அவ்வளவு.

வீட்டில் மனைவி, தங்கை, குட்டை மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். விசில் சார் குளிக்கப் போனவர் விசிலை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்காமலே திரும்பினார். கூடத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "உளவாளி யாரும் இல்லடா. நான்தான். என் வாய்தான். தப்பு பண்ணிட்டேன்."

"பரவாயில்ல சார்" என்றான் அவன். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் அவருக்கு வலித்தது.

தங்கைக்கு நடந்தது எதுவும் தெரியாது. "அட, வீட்டுலயும் சாரா? நல்ல மரியாதை!" என்று சிரித்தாள். விடுமுறைக்கு மகனை அழைத்துப்போக ஆட்டோ சொல்லியிருந்தாள். அது வந்து வாசலில் நின்றது.

"போயிட்டு வர்றேன் அத்தை" என்று மனைவியிடம் சொன்னான். அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். விசில் சார் பையைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினார்.

"வேணாம் சார். நானே எடுத்துக்கிறேன்."

ஆட்டோ தெருமுனை திரும்பியது. மனைவி உள்ளே போய்விட்டாள். விசில் சார் வாசலிலேயே நின்றார். மிச்சமிருக்கும் கடைசி செமஸ்டருக்குக் கல்லூரி திறந்ததும் அவன் வந்துவிடுவான், வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்பு எங்கே என்று கேட்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னதை அவராலேயே நம்ப முடியவில்லை.