குழிக்கு மூன்று

கரியாலூரில் பிறந்த என் அக்கா நர்மதா கடலைப் படிக்கப் போனபோது ஊரே சிரித்தது. மலைக்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. அவள் பிடிவாதக்காரி. டாக்டர் பட்டம் வாங்கி, பிச்சாவரம் பக்கம் அழிந்துபோன அலையாத்திக் காட்டைத் திரும்ப வளர்க்கும் வேலையில் சேர்ந்தாள். பத்து வருடமாகச் சேற்றில்தான் குடித்தனம்.

ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் அப்பா கரியன் அவளைப் பார்க்கப் போனார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். கடல் வற்றியிருந்த நேரம், ஒரு கட்டு அலையாத்தி விதையை வாங்கிக்கொண்டு கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடப் போனார். அக்கா யாரோ அதிகாரிகளோடு பேசப் போய்விட்டாள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். அடுத்தவர் நிலத்தில் நடவுக்கு இறங்கினால், நிலத்துக்காரர் "போதும், ஏறு" என்று சொல்லாமல் கரையேற மாட்டார்கள். அக்காவுக்கும் தெரியும். பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டாள். மலையில் தண்ணீர் மேலிருந்துதான் வரும். முதுகுக்குப் பின்னால் ஏறும் தண்ணீரை அப்பா கண்டதில்லை. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பக்கம் புது நாற்றுகள் நின்றன. அக்காவின் ஆட்கள் ஒவ்வொன்றாக வரிசையில் நடுவார்கள். இவை குழிக்கு மூன்று, நாங்கள் மக்காச்சோளம் ஊன்றுவது போல. வருடாவருடம் கூடின. அக்கா நட்டதில் பாதி செத்துப்போகும். அங்கே ஒன்றுகூடச் சாகவில்லை.

அப்பாதான் நடுகிறார் என்று அக்கா சொன்னதை நான் நம்பவில்லை. எவனோ விளையாடுகிறான் என்று இந்தத் தை மாதம் அம்மா தைலம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்து மணி, நல்ல வெயில். புதுக் குழி ஒன்று. பக்கத்தில் மண்ணை அழுத்திய குதிகால் தடம். அதற்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

அம்மா அழவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"அவரு இன்னும் வேல செஞ்சிக்கினுதான் இருக்காரு. நெலம் உன்னுது. போதும்னு சொல்லுடி."

அக்கா கடலைப் பார்த்தபடி நின்றாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"சொன்னா போயிடுவாரும்மா."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. நானே தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நிலம் என்னுடையது இல்லையே. தூரத்துச் சேற்றில் குதிகால் அழுந்தும் சத்தம் நிற்காமல் கேட்டது. கடல் ஏறத் தொடங்கியது. அக்கா வாயைத் திறக்கவில்லை.