வாளியில் வந்த பேரீச்சம்பழம்

பன்றிக்காய்ச்சல் வந்த வருஷத்து நோன்பில் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் நம்புவது நின்றுபோயிருந்தது. உம்மா வயிற்றில் தம்பி இருந்தான். அதனால் நான் இருமினால் வாப்பா என்னை வாசலுக்கு விரட்டுவார்; வாப்பா தும்மினால் உம்மா முறைப்பாள்.

துபாய்க்குப் பக்கத்து ராஸ் அல் கைமாவில் வாப்பாவும், அவரைக் காக்கா என்று கூப்பிடும் அவர் தம்பி சாச்சாவும் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். மலையடிவாரத்துக் கல்குவாரி கேம்ப்பில் உம்மாவின் தம்பி, என் மாமா, வேலை பார்த்தார். காய்ச்சலுக்குப் பயந்து கம்பெனி கேம்ப் கேட்டைப் பூட்டி, ஒரு பெஷாவர்க்காரரைக் காவலுக்கு நிறுத்தியது. சாமான் உள்ளே போகலாம், மனிதர் போகக் கூடாது. சாச்சாவின் பிக்கப்பைக் கண்டாலே அவர் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, "அந்தர் மாஃபி!", உள்ளே வராதே, என்று கத்துவார். காய்ச்சல் எங்களிடம் இருப்பதாக அவருக்குச் சந்தேகம். கேம்ப்பில் இருப்பதாக எங்களுக்கு.

தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா மாமாவுக்கு ஒரு தூக்குவாளி நோன்புக்கஞ்சி அனுப்புவாள். காவலர் அதை வாங்கிக்கொண்டு முந்தின நாள் வாளியைத் தருவார். வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவது எங்கள் ஊர் வழக்கமில்லை. மாமா அதில் பேரீச்சம்பழம் போட்டிருப்பார். திடீரென்று மாமாவின் போன் வருவது நின்றது.

"போன் தண்ணியில விழுந்திட்டு மைனி. ஆளு கல்லு மாதிரி இருக்கான்" என்றார் சாச்சா.

உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாளியைத் திறந்து பழத்தைப் பார்த்த பிறகுதான் நோன்பு திறக்க உட்கார்ந்தாள்.

எனக்குத் திருப்தியில்லை. பிக்கப்பில் நானும் கூடப் போவேன். கேட்டருகே சாச்சாவும் காவலரும் குசுகுசுவென்று பேசுவார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் சாச்சா சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது பிக்கப்பின் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தேன். காவலர் தான் நோன்பு திறக்க வைத்திருந்த இஃப்தார் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த பழங்களை எங்கள் வாளியில் போட்டு மூடினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலியே பயிரை மேய்கிறது! கஞ்சியைத் தானே குடித்துவிட்டுப் பழத்தைப் போட்டு மறைக்கிறார்.

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். உம்மா மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

"ஓங் கண்ணால பாத்தியா புள்ள?"

"பாத்தேம்மா. மாமா போடல. அவருதான் போட்டாரு."

உம்மா எழுந்து, சாச்சா பிக்கப்பை நிறுத்திக்கொண்டிருந்த வாசலுக்குப் போனாள். சாச்சாவிடம், "எந்தம்பி எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

சாச்சா தலையைக் குனிந்தார். "ஆஸ்பத்திரியில மைனி. காய்ச்சல் கூடிப்போச்சு. வயித்துப்புள்ளயோட நீங்க அங்க ஓடிருவியன்னு காக்காதான் சொல்லவேணாம்னாக."

அன்று உம்மா வாய்விட்டு அழுதாள். மாமா மெலிந்துபோய்த் திரும்பியது பெருநாளைக்குப் பிறகுதான்.

அழுத மறுநாளே வீங்கிய கண்ணோடு உம்மா வாளியை நிரப்பினாள். "இது அந்தக் காவக்காரருக்கு" என்று சாச்சாவிடம் கொடுத்தாள். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவள் நான், கஞ்சி அவருக்கா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரை முறைப்பதற்காகவே கூடப் போனேன்.

சாச்சா கேட்டருகே நின்று, உம்மாவுக்குத் தெரிந்துவிட்டதைச் சொன்னார். காவலர் மூக்குத்துணியை இறக்கி எதையோ முணுமுணுத்தார். வாளியை வாங்கி வைத்தார். பிறகு என் கண்ணெதிரேயே பொட்டலத்தைப் பிரித்து, பழங்களை வெறுமையாக இருந்த பழைய வாளியில் போட்டு என் கையில் கொடுத்தார்.

குட்டு வெளிப்பட்ட பிறகும் யாரை ஏமாற்ற இந்தப் பழம் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.