இருட்டுக்கும் மின்சாரம் வேண்டும்

மேடை விளக்குத் தொழிலில் வெளிச்சம் கொடுப்பது எளிது; கொடுத்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குவதே கடினம். தஞ்சாவூரில் மேடை விளக்குகளை வாடகைக்குக் கட்டும் எனக்கு நேர்ந்தவை இவை. இதே தொழிலில் கை சுட்டுக்கொண்டவர்கள் பெருமூச்சோடு படிப்பீர்கள் என்று அறிவேன்.

நம் மெட்டல் ஹாலைடு விளக்கின் குணம் உங்களுக்குத் தெரியும். அதனுள் பழுத்து எரியும் இழை இல்லை. வாயுவின் நடுவே தாவும் மின்பொறியே ஒளி. மின்சாரத்தைக் குறைத்தால் அது அழகாக மங்காது. நிறம் மாறும், துடிக்கும், அணையும். அணைந்தபின் சூடு ஆறினால்தான் மறுபடி எரியும். அதற்குள் ஒரு பந்தியே முடிந்துவிடும்.

மணமேடையில் ரெகுலேட்டர்

பாபநாசத்தில் ஒரு திருமணம். மணப்பெண்ணின் முகத்தில் வெளிச்சம் மிகுதி என்று வீடியோக்காரர் குறைபட்டார். விளக்கைச் சற்றுத் திருப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு, வாசல் விளக்குகளைப் பார்க்கப் போனேன். மண்டபத்து எலெக்ட்ரீஷியனோ, என் சொல்லைவிடத் தம் கைத்திறனை நம்பி, ரெகுலேட்டர் ஒன்றை இணைத்துத் திருகிவிட்டார்.

மணப்பெண்ணின் முகம் முதலில் பாசிப்பச்சை ஆயிற்று. பிறகு முகமே தெரியவில்லை. கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்கிய தவில்காரர் ஓங்கியபடியே நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் ஓடிவந்தார்: "ஏம்மா, தாலி கட்டுறதுக்குள்ள எரிஞ்சிடுமா, இல்ல அடுத்த முகூர்த்தம் பார்க்கட்டுமா?"

அந்திப்பொழுது கேட்டவர்

அந்தக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்களில் கலியமூர்த்தியும் ஒருவர். நெல் விவசாயி; நடவு முடிந்தால் நாடகம் போடுபவர். அவருடைய குழு தஞ்சாவூர் மண்டபம் ஒன்றில் போட்டியில் ஆட இருந்தது. வென்றால் அந்த மாதமே சென்னை மேடை. கதாநாயகி கலைச்செல்வி மருத்துவமனை நர்ஸ். அடுத்த மாதம் மஸ்கட் வேலைக்குப் போகிறவள். அவளோடு ஆட இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை.

நாடகத்தின் முடிவில், ஆற்றுத்தண்ணீருக்காகக் காத்திருக்கும் பெண்ணின்மீது பொழுது மெல்லச் சாயவேண்டும். இருளில் ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது பொழுது விடிந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கவேண்டும். மண்டபத்தில் இருந்தவையோ இரண்டே மெட்டல் ஹாலைடு விளக்குகள், மேடையின் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. இருட்டுவதற்காக அணைத்தால் விடியலே இல்லை. கலியமூர்த்தி கைகூப்பினார்: "அந்தக் கல்யாணத்துல நானும் இருந்தேங்கம்மா. சூரியன் சாயட்டும், ஆனா செத்துடக் கூடாது."

தகட்டின் பல்

செய்யவேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. விளக்கு முழு மூச்சோடு எரியட்டும்; அதன் முகத்துக்கு முன்னே இரும்புத் தகடு இறங்கட்டும். தகட்டில் கயிறு கட்டி, இரண்டு கயிறுகளையும் மேடைக்குப் பின்னால் என் கைக்குக் கொண்டுவந்தேன். தளர்த்தினால் இருள், இழுத்தால் வெளிச்சம்.

முதல் ஒத்திகையில் தகட்டின் நேர்விளிம்பு கலைச்செல்வியின் முகத்தில் கத்தி போல் நிழல் இறக்கியது. விளிம்பைப் பட்டறையில் கொடுத்து ரம்பப் பல்லாக வெட்டச் செய்தேன். அதன்பின் நிழல் கோடாக விழவில்லை, மாலையாக விழுந்தது. ஆனால், வெட்டுவதற்குமுன் அவள் சொன்னது பட்டறைவரை பரவிவிட்டது: "அக்கா, எங்க வீட்டுல வயலுக்குத்தான் பாகப்பிரிவினை நடந்துச்சு, நீங்க என் மூஞ்சிக்கே நடத்திட்டீங்க!"

மேலாளரின் சிக்கனம்

போட்டியன்று பொழுது சாய்ந்த அழகில் அரங்கம் இருமலை அடக்கிக்கொண்டது. தகடுகளுக்குப் பின்னால் விளக்குகள் எரிய, முன்னால் இருள். இருளில் கலைச்செல்வியின் பாட்டு. அப்போது மண்டப மேலாளர் என் பக்கத்திலிருந்த சுவிட்சுப் பலகையருகே வந்தார். மேடையோ இருட்டு, மீட்டரோ ஓடுகிறது. இரண்டு கையிலும் கயிறு பிடித்திருந்த நான் "தொடாதீங்க!" என்று சொல்லி முடிப்பதற்குள் இடப்புற விளக்கை அணைத்துவிட்டார். அந்தக் கயிற்றை விட்டெறிந்து, அடுத்த சுவிட்சை நோக்கிப் போன அவர் கையைப் பிடித்தேன். அவர் உண்மையாகவே வருந்திக் கேட்டார்: "இருட்டுக்கு எதுக்கும்மா கரண்ட்?"

ஒரே சூரியன்

பாட்டு முடிந்தது. எஞ்சிய கயிற்றை ஒத்திகையில் இழுத்ததைவிட மெதுவாக இழுத்தேன். வலப்புறத்திலிருந்து மட்டும் வெளிச்சம் கசிந்தது. கலைச்செல்வி ஒரு கணம் தயங்கினாள், பிறகு நேரே நிற்பதை விட்டு, வெளிச்சம் வந்த பக்கமே முகத்தைத் திருப்பி, "தண்ணி வந்துடுச்சு!" என்றாள். அவளுடைய நிழல் மேடை முழுவதும் நீண்டது. இரண்டு விளக்கில் ஒருமுறையும் அமையாத விடியல் ஒற்றை விளக்கில் அமைந்தது.

சென்னைக்குத் தேர்வான குழு என்று அவர்கள் பெயரைப் படித்தபோது, ஒரு விளக்கு போனதற்கு வருத்தம் தெரிவிக்கக் கலியமூர்த்தியிடம் போனேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்: "விடுங்கம்மா, ரெண்டு பக்கமும் சூரியன் உதிச்சிருந்தாத்தானே தப்பு?"

ஆகவே, என்னோடு துன்புறும் தோழர்களே, மேடையில் இருள் வேண்டுமென்றால் விளக்கை எரியவிட்டு, மண்டப மேலாளரின் இரண்டு கைகளிலும் சூடான காபித் தம்ளரைக் கொடுத்துவிடுங்கள்.