முதல் சிடி மட்டும் பார்த்த புருஷன்

இன்று காலை சுங்குவார்சத்திரம் சிடி கடையில் டிக்கெட் இல்லாமலே ஒரு படம் ஓடியது.

பக்கத்து வீட்டு ரமேஷ் அண்ணன் வந்து ஒரே படத்தின் இரண்டு சிடிகளைக் கடைக்காரர் முன்னால் வீசினார். "குடும்பப் படம்னு குடுத்து என் குடும்பத்தையே கெடுத்துட்டியேய்யா!"

முதல் சிடியில், இன்னொருவன் மேல் ஆசை வந்ததாக மனைவி கணவனிடம் சொல்வாள். அதைப் பார்த்து இவரும் தன் மனைவி சுமதி அக்காவிடம் விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். "எங்க கம்பெனி பஸ் டிரைவர் ஒருநாள் கனவுல வந்தாரு" என்று அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார். இரண்டாவது சிடியை அண்ணன் தொடவே இல்லை.

பின்னாலேயே அக்கா யூனிஃபார்மோடு வந்தார். "கனவு வந்ததுக்கு நான் வேலைய வுடணுமாம்!"

"வாய மூடுடி. நான் எவளயாவது நெனச்சிக்கினு கீறேனா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணா, ரெண்டாவது சிடில அந்தப் புருஷன் நெனப்போட நிக்க மாட்டான். நெஜமாவே வேற பொம்பளயத் தேடிக் கெளம்பிப் போவான்."

"அவன் ஆம்பளடா!"

கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வெளியே கம்பெனி பஸ் வந்து நின்றது. அக்கா ஏறி, காலி சீட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு, டிரைவருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

இரண்டாவது சிடி கடையில்தான் கிடக்கிறது. பார்க்கத் தைரியமுள்ள கணவன்மார் கீழே கமெண்ட்டில் கை தூக்குங்கள்.