கீச்சான் உட்கார்ந்த வேலி

எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். இன்று பக்கத்து வீட்டில் எலுமிச்சைக் கொம்பு வெட்டினார்கள். அந்த வாசனையில் கொல்லயில் ஊரில் இருந்த எங்கள் வேலி நினைவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கும் செல்லம்மை அக்கா வீட்டுக்கும் நடுவே எலுமிச்சை முள்தான் வேலி. வயல் அறுப்பு முடிந்ததும், கண்ணில் மையை இழுத்துவிட்டதுபோல் கறுப்புக் கோடுள்ள கீச்சான் குருவி ஒன்று அதில் வந்து உட்காரும், கரகரவென்று கத்தும், வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடித்து முள்ளில் குத்தி வைத்து, அவை வெயிலில் காயக் காய, வேண்டும்போது வந்து கிழித்துத் தின்னும்.

தம்பிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்த நாட்களில்தான் அம்மா அதைப் பார்த்தாள். முள்ளில் ஒரு ஓணான், பக்கத்தில் இறகு முளைக்காத ஒரு குஞ்சு. யாரோ செய்வினை வைத்துவிட்டதாகவே முடிவு கட்டினாள். எங்கள் கிணற்றில் தண்ணீர் கோர வந்த செல்லம்மை அக்காவின் குடத்தைப் பிடுங்கிக் கல்லில் எறிந்தாள்.

"கூடோத்திரம் வச்சிட்டு எனக்க கெணத்துக்கே வாறியா?"

"எனக்க பிள்ளையாணை, நான் ஒண்ணும் வைக்கல்ல மக்கா."

"அது கீச்சானாக்கும் அம்மா" என்றேன்.

"சும்மா கெடட்டி" என்று என் வாயிலேயே அடித்தாள்.

மறுநாள் அப்பா அந்த வேலியை வெட்டிவிட்டு முள்கம்பி கட்டினார். மத்தியானம் கீச்சான் கம்பியில் ஒரு வெட்டுக்கிளியைக் குத்தி வைத்தது. அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். செல்லம்மை அக்கா நசுங்கிய குடத்தோடு வாய்க்காலுக்குப் போனாள்.