பாதிதான் நிரப்பினேன்

ராமையாவின் மகள் தவமணி இறந்ததற்குக் காரணம் நான். அவள் சாவுக்கு ராமையாவே காரணம் என்று அவரை நம்ப வைத்தவனும் நான்.

எழுதிவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக நாக்கு வரை வந்து திரும்பிப் போன இரண்டு வாக்கியங்கள்... இவ்வளவு சிறியவையா அவை!

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பிலிருந்து சற்று இறங்கினால் குளிர்சாதனப் பெட்டிகள் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. அது என்னுடையது. பாலிடெக்னிக்கில் படித்துப் பட்டயம் வாங்கியவன் நான். அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மலைமேல் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவனே. ஹோட்டல்காரர்கள் என்னை 'இன்ஜினியர் சார்' என்று அழைப்பார்கள். இன்ஜினியர் இல்லை என்று நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

ராமையா, மேட்டுப் பங்களா அம்மாவின் டிரைவர். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. கப்பலை விட்டு இறங்கி மண்டபம் முகாமில் இருந்தபோதுதான் மகளுக்கு என்ன குறை என்று தெரிந்தது. தவமணிக்கு வியர்க்காது. பிறவிக் குறை. தலையில் பூனைமுடி போலக் கொஞ்சம் முடி. பற்கள் நாலைந்து, கூர்கூராக. தோட்டத்துக் குளிரில் யாருக்கும் உறைக்காத குறை, முகாமின் வெயிலில் உயிருக்கே வந்தது. அரை மணி நேரம் வெயிலில் நின்றால் அவள் உடம்பு அடுப்பாகிவிடும்.

ஈரப் போர்வை சுற்றி, அதன்மேல் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றியபடியே, பஸ் மாறி பஸ் மாறி ராமையாவும் அவர் மனைவி யோகமும் அவளை இந்த மலைக்குக் கொண்டு வந்தார்கள். பிழைப்பைத் தேடி வந்தவர்கள் அல்ல. குளிரைத் தேடி வந்தவர்கள்.

இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஈரப் போர்வையை அவர்கள் அறிந்திருந்தார்கள். வெயிலிலிருந்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரியும். நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால்...

தவமணிக்குப் பதினொரு வயதானபோது கண்ணில் புண் வந்தது. மே மாதம் மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பங்களா அம்மா தன் காரையே எடுத்துப் போகச் சொன்னார். அவர் கணவர் காலத்தில் வாங்கிய அமெரிக்கக் கார் அது. கப்பல் போல நீளம். அதில் ஏ.சி. இருந்தது. ஆனால் பல வருடங்களாக ஓடவில்லை. கொடைக்கானலில் அது யாருக்கு வேண்டும்?

பத்து நாள் முன்னதாகவே ராமையா என்னிடம் வந்துவிட்டார்.

"சார், புள்ளைக்கு வெயில் ஏலாதுங்க. இந்த ஏ.சி. ஓடுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஓடாதுன்னா பரவாயில்ல, வெள்ளனே மூணு மணிக்கே எறங்கிருவோம். ஈரத்துணி சுத்தி, வெயில் ஏறுமுன்னால ஆஸ்பத்திரி போய்ச் சேந்துரலாம்."

நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

"ஏ.சி. இருக்கும்போது எதுக்குங்க இருட்டுல மலை எறங்கணும்? சாப்பிட்டுட்டு நிதானமாக் கெளம்புங்க. காஸ் அடிச்சுக் குடுக்கிறது என் பொறுப்பு. உங்க புள்ள சால்வை கேக்கப் போறா பாருங்க."

என் பொறுப்பு என்றேன். ஏ.சி.க்குக் குளிர் தரும் அந்தக் காஸ் அன்று கடையில் சிலிண்டர் நிறைய இருந்தது. ஆனால் சீசன். ஹோட்டல் ஒன்றில் ஐஸ்கிரீம் பெட்டி நின்றுவிட, அவர்கள் புறப்பட இரண்டு நாள் முன்னால் அங்கே போய், காஸில் பெரும்பகுதியை அந்தப் பெட்டிக்கு ஏற்றிவிட்டு வந்தேன். மிச்சம் போதும் என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லை. சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

புறப்படும் நாள் காலை ஏழு மணிக்குக் கார் என் கடை வாசலுக்கு வந்தது. முந்தைய நாள் கோடை மழை பெய்து, தெரு முழுக்க மூட்டம். யோகமும் தவமணியும் பின்சீட்டில் இருந்தார்கள். காஸ் ஒழுகிய குழாய் மூட்டு ஒன்றை முந்தைய வாரமே சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்து, அடைத்து வைத்திருந்தேன். காஸ் ஏற்றுவது மட்டுமே பாக்கி. எதிர்ப்புற டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரோடு வந்து நின்றார்.

"என்ன சார், இந்தக் குளுருக்கு ஏ.சி.யா? பங்களாம்மா வண்டிக்குள்ள ஐஸ் கடை போடப் போறாகளா?"

"போய்யா, ஒனக்குப் பாய்லர்தான் தெரியும்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தவமணி கூட ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி, "மாமா, இந்த மிசின வீட்டுக்குக் கொண்டு போகலாமா? அம்மா கோவப்படுற நேரம் உள்ள உக்கார வைக்கலாம்!" என்றாள். யோகம் அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள்.

எஞ்சினை ஓடவிட்டுக் காஸை ஏற்றத் தொடங்கினேன். குளிரில் சிலிண்டரிலிருந்து காஸ் எளிதில் இறங்காது. அதனால் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி, வாளியில் ஊற்றி, அதில் சிலிண்டரை நிறுத்துவது எங்கள் மலை வழக்கம். அப்படித்தான் நிறுத்தினேன். சற்று நேரத்தில் சிலிண்டர் வாளியில் மிதப்பது போல அசைந்தது. கையால் தூக்கினேன். காலி!

அந்தக் காரின் குழாய் வழியில் ஒரு சிறிய வட்டக் கண்ணாடி உண்டு. காஸ் முழுதாக நிரம்பினால் அது தெளிவாக இருக்கும். குறைந்தால் உள்ளே குமிழிகள் ஓடும். குனிந்து பார்த்தேன். நுரைத்துக்கொண்டு ஓடியது. பாதிகூட ஏறியிருக்குமா என்பது சந்தேகம்.

என் தோளுக்கு மேலாக ராமையாவும் எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க சார் அது, நொரை மாதிரி ஓடுது?"

கேளுங்கள். என் வாழ்வில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய வாய்ப்பு அந்தக் கேள்விதான். 'காஸ் பத்தவில்லை, ஏ.சி.யை நம்பாதீர்கள், ஈரத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? வாசலில் டீக்கடைக்காரர் நின்றிருந்தார். சுவரில் என் பட்டயம் தொங்கியது. 'மூணு மணிக்கு ஏன் போகணும்' என்று சிரித்தவன் நான்...

"அப்படித்தாங்க ஓடும். காஸ் ஓடுதுன்னு அர்த்தம்," என்றேன்.

பிறகு பின்சீட்டுப் பக்கம் போய், உள்ளே காற்று வரும் இடத்தில் தவமணியின் கையை வைக்கச் சொன்னேன். கொடைக்கானல் காலையில், மூட்டத்துக்கு நடுவில், வெறும் விசிறி ஓடினாலே சில்லென்று வரும். வந்தது.

"நம்ம ஊர்க் காத்து மாதிரியே இருக்கு மாமா!" என்றாள்.

உண்மையில் அது நம் ஊர்க் காற்றுதான். மலையின் குளிரை என் வேலை என்று காட்டி ஒரு குழந்தையை ஏமாற்றினேன். மலைமேல் நின்றுகொண்டு ஏ.சி. ஓடுகிறதா என்று கையை வைத்துச் சொல்ல எவனாலும் முடியாது. அது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

யோகம் மடியில் இரண்டு போர்வைகளும் ஒரு குடம் தண்ணீரும் வைத்திருந்தாள். "தண்ணி சிந்தி பங்களாம்மாவோட சீட்டுக் கெட்டுரும், இது எதுக்கு?" என்று நானே குடத்தை வாங்கிக் கடையில் இறக்கி வைத்தேன். கடைசியாக ராமையாவிடம் சொன்னேன்: "எந்தக் கண்ணாடியையும் எறக்கிராதீங்க. குளிர் வெளிய போயிரும்."

நான் சொன்னபடியே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் புறப்பட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை ராமையா சொல்லித்தான் அறிவேன். மலை இறங்கும் வழியிலுள்ள பெருமாள்மலை வரை பிள்ளை பாட்டுப் பாடினாளாம். பாதி மலை இறங்கும்போதே காற்றில் சில்லிப்பு குறைந்தது. அடிவாரம் தாண்டியதும் அனல் வந்தது. கண்ணாடிகள் மூடியே இருந்தன. இப்போது சரியாகும், இப்போது சரியாகும் என்று அவர் வண்டியை விரட்டினார். நான் சொன்னதை நம்பினார். அவள் பேச்சு குழறிய பிறகுதான் யோகம் கத்திக் கண்ணாடியை இறக்கினாள். சுற்றிலும் பொட்டல். கிணறு தேடி ஓடினார்கள். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு வந்துவிட்டது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

இத்தோடு என் குற்றம் நின்றிருந்தால் நான் வெறும் கோழை. அதற்குமேல் ஒரு பெயர் எனக்கு உண்டு. அது என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

நான்காம் நாள் பங்களா அம்மா என்னை ஆளனுப்பி அழைத்தார். போர்ட்டிகோவில் கார் நின்றது. அருகில் ராமையா, மழிக்காத முகத்தோடு. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குழம்பிப்போய்க் கேட்டார், அவ்வளவுதான்.

"நீங்க கண்ணாடிய எறக்க வேணாம்னு சொன்னீங்கதானே சார்? நான் எறக்கல சார். ஏன் சார் சூடா வந்துச்சு?"

அம்மா என்னைப் பார்த்தார். பானெட்டைத் திறந்தேன். நான் அடைத்த மூட்டு அப்படியே உறுதியாக இருந்தது. நான் ஏற்றிய பாதிக் காஸும் உள்ளேயே இருந்தது. யாராவது விவரம் தெரிந்தவன் பார்த்தால் நான் தொலைந்தேன்.

என் முதுகால் அவர்கள் பார்வையை மறைத்துக்கொண்டு, ஸ்பேனரால் அந்த மூட்டைக் கால் திருகு தளர்த்தினேன். உஸ்... என்று சீறிக்கொண்டு காஸ் வெளியேறியது.

"கேக்குதா? இதான் லீக்," என்றேன். என் குரல் தெளிவாகவே இருந்தது, பாவி! "ராமையா, மலை எறங்கும்போது ஏ.சி.யை நிறுத்தாம ஓட்டினீங்களா?"

"ஆமா சார். புள்ளைக்காகத்தானே..."

"வளைவுக்கு வளைவு குலுங்கும்ல? ஏ.சி. ஓட ஓடக் குலுங்கினா மூட்டு விட்டுப்போகும். அடிவாரம் வந்துதான் போட்டிருக்கணும். மேலேயே போட்டுட்டீங்களே."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நின்ற இடத்தில் நான் புனைந்த பொய் அது. ராமையா படியில் உட்கார்ந்தார். பிறகு சாவியை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தார். அம்மா எவ்வளவு சொல்லியும் அவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அதன்பின் எந்த ஸ்டியரிங்கையும் அவர் தொட்டதில்லை.

ராமையாவும் யோகமும் பெருமாள்மலைக்குப் போய், பூண்டு மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைத்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ஏ.சி. வைத்த வாடகைக் கார்கள் மலைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஒருநாள் அங்கே டீக்கடையில் நின்றிருந்தேன். டிரைவர்கள் கூட்டமாகச் சிரித்தார்கள்.

"வந்துட்டாருப்பா ஏ.சி. ராமையா! ஏலே, ஏ.சி.ய அமத்துடா, இல்லாட்டி மனுசன் டயருக்கு முன்னால படுத்துருவாரு!"

"படுப்பேன்தான்," என்றார் ராமையா. முடி முழுக்க நரைத்திருந்தது. "சிரிங்க தம்பி, பரவாயில்ல. ஆனா எறங்கும்போது ஏ.சி. போடாதீங்க. பின்னால புள்ளைங்க உக்காந்திருக்கு பாருங்க."

ஒவ்வொரு காராகக் குனிந்து, ஜன்னல் வழியே கெஞ்சிக்கொண்டு போனார். என் பொய்யை! போர்ட்டிகோவில் ஒரு நொடியில் நான் கட்டிய பொய்யை அவர் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தார். அது அவர் தனக்கு விதித்துக்கொண்ட தண்டனை என்று எனக்குப் புரிந்தது.

இன்று சொல்லிவிடலாம் என்று அவர் அருகே போனேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கித் தந்தார். டிரைவர்கள் கலைந்த பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், நீங்க படிச்சவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் மட்டும் அத அடிவாரத்துல போட்டிருந்தா, புள்ள பொழச்சிருப்பாதானே?"

வாயைத் திறந்தேன். 'இல்லை, ராமையா' என்ற இரண்டே சொற்கள் போதும். ஆனால் வெளியே வந்தது வேறு.

"பழசையெல்லாம் மறந்துருங்க."

அதை அவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். மெல்லத் தலையாட்டினார். பிறகு என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிப்போய், தானே கழுவி வைத்தார்.

அவர் இறந்துவிட்டார், அதனால் இப்போது எழுதத் துணிந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இருக்கிறார். யோகம் போய்விட்டாள், இவர் இருக்கிறார். என் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். இந்தப் பக்கங்களை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் எந்த நாளும் நான் போயிருக்கலாம்.

உங்களிடம் சொல்ல முடிந்தது, நீங்கள் ராமையா இல்லை என்பதால்தான்.