சீரியலில் வைத்த ஷாக்

புளி தட்டும் காலத்தில் எங்கள் புதூர்நாட்டு மலைப்பக்கம் யார் வீட்டில் டிவி நன்றாகத் தெரிகிறதோ அங்கேதான் கூட்டம். இந்த வருஷம் எங்கள் வீடு. பெண்கள் சுற்றி உட்கார்ந்து கொட்டை எடுப்போம். கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் டிவியில் இருக்கும். அன்றைக்கு ஏதோ பழைய காமெடி. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒருத்தன் தலையில் கம்பியை மாட்டி சுவிட்சைத் தட்டுகிறார்கள். முடி குத்திட்டு நிற்கிறது, காதில் புகை வருகிறது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

ஏனென்றால் எனக்கும் அந்தச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால், சோறு தூக்கம் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த காலத்தில். என் கணவருக்கு மட்டும் தெரியும். மாமியார் வீட்டைப் பொறுத்தவரை அது டைபாய்டு. சிரிக்காவிட்டால் யாராவது என் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதே அறையின் மூலையில் என் நாத்தனார் படுத்திருந்தாள். பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளை பிறந்ததிலிருந்து பேச்சில்லை; இப்போது கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை. பால்பவுடரைக் கரைத்து அந்தப் பிள்ளையை நான்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர், மாத்திரை வேலை செய்யும்வரை இவள் தாங்கமாட்டாள், கரண்ட் சிகிச்சை கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று மாமியார் மகளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“சீரியல்ல காட்னானே, டாக்டருக்குக் காசு குடுத்து அந்தப் பொண்ணுக்கு ஷாக் வெச்சாங்க. பெத்த புள்ளயவே யாருன்னு கேட்டுச்சு,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

மாமியாருக்கு அதைவிடப் பெரிய கவலை. இடி விழுந்தவனைக் கழுத்துவரை ஈர மண்ணில் புதைத்து வைப்பது எங்கள் மலையில் வழக்கம். உடம்பில் ஏறின கரண்ட் மண்ணில் இறங்கிவிடுமாம்.

“கரண்ட் வெச்சா அப்புறம் பொதைக்கணுமே. பச்ச ஒடம்புக்காரிய ஈர மண்ணுல எப்பிடி வெக்கிறது? ஜன்னி வந்து பூடுவா. வேணாம், வூட்லயே கெடக்கட்டும்.”

ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவர் மண்ணின் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். கணவரைப் பார்த்தேன். அவர் சாக்கு மூட்டையைத் தைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லாதே என்று அர்த்தம். நாத்தனாரின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“என்ன யாரும் மண்ணுல பொதைக்கல அத்த,” என்றேன்.

“இன்னாடி சொல்ற?”

சொன்னேன். புளியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவார்கள், வலியே தெரியாது. முழித்தால் தலை வலிக்கும். அந்தச் சமயத்து விஷயங்கள் சிலது எனக்கு இன்றும் ஞாபகமில்லை. ஆனால் பெற்ற அம்மாவை மறக்கவில்லை. ஒரு காலையில் அந்த அம்மாவிடம் நானாகவே சோறு கேட்டேன். காதில் புகை வரவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. யாரோ டிவியை நிறுத்தினார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

மாமியார் ஒன்றை மட்டும் திரும்பக் கேட்டார். “நீயா சோறு கேட்டியா?”

“கேட்டேன் அத்த. ரெண்டு தட்டு துன்னேன்.”

விடிந்ததும் மகனை அனுப்பி ஜீப்பை வரச் சொன்னார். நாத்தனாரை நானும் கணவரும் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். நான் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு; அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

“நீ சொன்னதாலதான் இட்டுனு போறேன்,” என்றார் மாமியார்.

பிறகு என் கையிலிருந்த பிள்ளையை வாங்கினார். பால்புட்டியையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.